பைப்பரசின்: பூச்சி மருந்து முதல் காசநோய் மாத்திரை வரை ஒளிந்திருக்கும் ஒரு வளையம்

பெங்களூரில் இருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் வந்தால், அத்திப்பள்ளி தாண்டியதும் தமிழ்நாட்டின் முதல் ஊர் ஜூஜுவாடி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை இங்கே வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இப்போது அந்த வரிசை இல்லை. லாரிகள் மட்டும் குறையவில்லை. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், இன்னொரு பக்கம் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள். வாகன உதிரிபாகங்களுக்கு நடுவே, நீல டிரம்களிலும் டேங்கர்களிலும் ரசாயனங்களும் இந்த எல்லையைக் கடக்கின்றன.

ஓசூர் என்றதும் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். டோலோ-650 மாத்திரையால் பிரபலமான மைக்ரோ லேப்ஸுக்கும் ஓசூர் சிப்காட்டில் ஆலை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஓசூர் சாலையில் பயோகானும் ஜிகனியில் ஹைக்கலும் இயங்குகின்றன. மருந்து என்றால் மாத்திரை அட்டைதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு நாலைந்து படி முன்னால் இருக்கும் ரசாயனங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'இன்டர்மீடியட்' என்று தொழிலில் சொல்லப்படும் இடைநிலைப் பொருட்கள் அவை.

அவற்றில் ஒன்றுதான் பைப்பரசின். குழந்தைகளுக்கான பூச்சி மருந்தில் ஒரு காலத்தில் இதுதான் இருந்தது. தும்மலுக்குப் போடும் செட்ரிசின், வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் எழுதித்தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் எல்லாவற்றிலும் இந்த வளையம் இருக்கிறது. வயாகரா என்ற பெயரில் அறிமுகமான சில்டெனாஃபிலிலும்கூட.

பைப்பரசின் அப்படின்னா என்ன?

பிளஸ் டூ வேதியியலில் படித்த பென்சீன் வளையத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆறு மூலைகளிலும் கார்பன். அப்படி ஒரு வளையத்தில் கார்பன் அல்லாத அணு ஒன்று புகுந்துவிட்டால் அது பல்லின வளையம். பைப்பரசினும் ஆறு மூலை வளையம்தான். நான்கு மூலைகளில் கார்பன், எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகளில் நைட்ரஜன். பென்சீன் தட்டையானது. பைப்பரசின் சாய்வு நாற்காலி போல மேலும் கீழும் மடிந்திருக்கும்.

பெயருக்குப் பின்னால் மிளகு இருக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்ற பொருளை 1819-ல் பிரித்தெடுத்தார்கள். அதை உடைத்தபோது கிடைத்த வளையத்துக்கு பைப்பரிடின் என்று பெயர். அதே வடிவத்தில் இன்னொரு நைட்ரஜன் கூடுதலாக இருப்பது பைப்பரசின். 'பைப்பர்' என்ற லத்தீன் சொல்லின் வேர் சமஸ்கிருதத்தின் பிப்பலி, அதாவது நம் திப்பிலி. மிளகில் பைப்பரசின் கிடையாது. உறவு பெயரோடு சரி.

பார்க்க வெள்ளைப் படிகம். சுமார் 106 டிகிரி செல்சியஸில் உருகும், 146 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரில் தாராளமாகக் கரையும். காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கூடவே கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டாவது குணம் இன்னொரு தொழிலுக்குப் பயன்படுகிறது. இயற்கை எரிவாயுவில் கலந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை நீக்கும் அமீன் கரைசல்களில் வேகத்தைக் கூட்ட பைப்பரசினைச் சேர்க்கிறார்கள்.

ஆறு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து படிகமாகும்போது அது 44 டிகிரியிலேயே உருகிவிடும். அந்த வடிவத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதனால் ஒரு ஆலை வாங்கும்போது எந்த வடிவம் என்று பார்க்காமல் கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

மருந்து வேதியியலாளர்களுக்கு இதுமேல ஏன் இவ்வளவு பிரியம்?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, இரண்டு கைப்பிடி. இரண்டு நைட்ரஜனும் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால், ஒன்றில் மருந்தின் ஒரு பகுதியை மாட்டி, மற்றொன்றில் வேறொரு பகுதியை மாட்டலாம். இடையில் இருக்கும் வளையம் இரண்டையும் குறிப்பிட்ட தூரத்தில் நிறுத்தி வைக்கும்.

இரண்டாவது, கரைதிறன். பல மருந்து மூலக்கூறுகள் எண்ணெய்த் தன்மை கொண்டவை, தண்ணீரில் கரைய மறுக்கும். பைப்பரசின் ஒரு காரம். அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகும், உப்பானால் தண்ணீரில் கரையும். மாத்திரை அட்டையில் 'ஹைட்ரோகுளோரைடு', 'மெசிலேட்' என்று மருந்தின் பெயரோடு ஒட்டி வருவது இந்த உப்பைத்தான் குறிக்கிறது.

மூன்றாவது, சின்ன மாற்றத்துக்கு இடம். நார்ஃப்ளாக்சசினிலும் சிப்ரோஃப்ளாக்சசினிலும் இருப்பது வெறும் பைப்பரசின். அதன் ஓரத்தில் ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்த வளையத்தை ஓஃப்ளாக்சசினில் பார்க்கலாம். பழைய குயினோலோன் மருந்துகள் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றுக்கு மட்டுமே உதவின. ஃப்ளூரினோடு பைப்பரசினும் சேர்ந்த பிறகுதான் அவை பலவகைக் கிருமிகளைத் தாக்கும் மருந்துகளாக மாறின.

பூச்சி மருந்தில் இருந்து யானைக்கால் மாத்திரைக்கு

பைப்பரசினின் முதல் மருத்துவப் பயன் மூட்டுவாதத்துக்கு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில், யூரிக் அமிலத்தைக் கரைக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை. 1950-களில்தான் இது குடல் புழுவுக்கான மருந்தாகப் பரவியது. புழுவைக் கொல்லாமல், அதன் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிடி தளர்ந்த புழு மலத்தோடு வெளியேறும். இன்று மனிதர்களுக்கு அல்பெண்டசோல் வந்துவிட்டது. கோழி, நாய்களுக்கான பூச்சி மருந்தில் பைப்பரசின் இன்னும் இருக்கிறது.

இதன் நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின், சுருக்கமாக டிஇசி. மெத்தில் பைப்பரசின் வளையத்தில் ஒரு வால் மாட்டியது போன்ற எளிய மூலக்கூறு. 1947-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் இது கண்டறியப்பட்டபோது அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

ரத்தத்தில் உலவும் யானைக்கால் நோய் நுண்புழுக்களை டிஇசி அழிக்கிறது. காரைக்காலில் 1982 முதல் 1986 வரை இதைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் திட்டங்களின் அடிப்படையும் இதே மருந்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்துக்காக ஜப்பானின் எய்சாய் நிறுவனம் இலவசமாக வழங்கும் டிஇசி மாத்திரைகள் விசாகப்பட்டினம் ஆலையில் தயாராகின்றன.

காசநோய்: மூன்று மருந்து, மூன்று வளையம்

உலகக் காசநோயாளிகளில் சுமார் 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. முதல்கட்ட சிகிச்சையில் நான்கு மருந்துகள். அவற்றில் மூன்றில் நைட்ரஜன் வளையம் இருக்கிறது. ஐசோனியசிடில் பிரிடின், பைரசினமைடில் பைரசின், ரிஃபாம்பிசினில் பைப்பரசின். பைரசினோடு ஹைட்ரஜனைச் சேர்த்து நிறைவாக்கினால் கிடைப்பதே பைப்பரசின். ஆக இரண்டும் ஒரே குடும்பம். நான்காவதான எத்தம்பியூட்டாலில் மட்டும் வளையம் இல்லை.

ரிஃபாம்பிசினின் கதை கவனிக்க வேண்டியது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் இருந்து 1950-களில் இத்தாலியின் லெப்பெட்டிட் நிறுவனம் ரிஃபாமைசினை எடுத்தது. நல்ல மருந்துதான். வாய்வழி கொடுத்தால் உடலில் சரியாகச் சேரவில்லை. 1965 வாக்கில் அதோடு அமினோ மெத்தில் பைப்பரசினை இணைத்தார்கள். விழுங்கக்கூடிய மாத்திரை கிடைத்தது. ஒன்றரை ஆண்டுவரை நீண்ட காசநோய் சிகிச்சை, ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்த பிறகு 6 மாதமாகக் குறைந்தது.

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு, 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையத்தில் நடந்தது. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வீட்டு சிகிச்சை என்றால் கைக்கு மாத்திரை வர வேண்டும். மாத்திரை வர அதற்கு முந்தைய ரசாயனம் வர வேண்டும்.

இமாட்டினிப்: ஒரு உப்பால் வந்த வழக்கு

நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் போக்கையே மாற்றிய மருந்து இமாட்டினிப். மூலக்கூறு தண்ணீரில் சரியாகக் கரையாததால்தான் அதில் மெத்தில் பைப்பரசினைச் சேர்த்தார்கள். அந்த வளையத்தின் நைட்ரஜன் மெத்தேன் சல்ஃபானிக் அமிலத்தோடு சேரும்போது இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பு கிடைக்கிறது.

அந்த உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் காப்புரிமை கேட்டது. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த மனுவை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை நிராகரித்தது. பழைய மருந்தின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டும் என்றால் சிகிச்சைப் பலன் கூடியதாக நிரூபிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அப்போது நிறுவனத்தின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய ஜெனரிக் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். எத்தனையோ குடும்பங்கள் சிகிச்சையைத் தொடர முடிந்ததற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

சரி, இதுல பிரச்னை எங்கே?

முதல் பிரச்னை, நோயாளியின் மாத்திரையில். பைப்பரசினில் உள்ள நைட்ரஜன்கள் ஈரிணைய அமீன் வகை. அப்படிப்பட்ட அமீன் நைட்ரைட்டோடு சேர்ந்தால் நைட்ரோசமைன் உருவாகலாம். நைட்ரோசமைன்களில் பல, புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடியவை. 2018-ல் ரத்த அழுத்த மருந்தான வால்சார்டானிலும், 2019-ல் ரனிடிடினிலும் இந்த வகைக் கலப்படங்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

2020 ஆகஸ்டில் ரிஃபாம்பிசினின் முறை. அதில் இருந்தது மெத்தில் நைட்ரோசோ பைப்பரசின், அதாவது அதன் வளையத்தில் இருந்தே பிறந்த கலப்படம். ஏற்கத்தக்க அளவு 10 லட்சத்தில் 0.16 பங்கு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கணக்கிட்டது. ஆனால் அதைக் கறாராக அமல்படுத்தினால் காசநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வரும். அதனால் 10 லட்சத்தில் 5 பங்குவரை உள்ள மருந்தைத் தற்காலிகமாக அனுமதித்தது.

முதல் பார்வையில் இது சமரசம் போலத் தெரியும். கணக்கு வேறு. கலப்படத்தின் ஆபத்து நீண்டகாலப் பயன்பாட்டில் மெல்லக் கூடும் நிகழ்தகவு. காசநோயை சிகிச்சை இல்லாமல் விட்டால் வரும் ஆபத்து சில மாதங்களில் உயிரைப் பறிக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்லிவிட்டு, உற்பத்தியாளர்களிடம் கலப்படத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

வேலை செய்பவரின் நுரையீரல்

இரண்டாவது பிரச்னை ஆலைக்குள். ஐரோப்பிய வகைப்பாட்டில் பைப்பரசின் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள். இதைக் கையாளும் தொழிலாளர்களுக்குத் தொழில்சார் ஆஸ்துமா வருவது ஸ்வீடன் ஆலை ஒன்றில் நடந்த ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இந்த வகை ஒவ்வாமையில் ஒரு சிக்கல். ஒருமுறை உடல் பழகிவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலே மூச்சு இறுக ஆரம்பித்துவிடும்.

தொழில்சார் ஆஸ்துமாவுக்கு ஒரு அடையாளம் உண்டு. வேலை நாட்களில் இருமலும் வீசிங்கும் கூடும், லீவு விட்டால் குறையும். ஷிப்ட் முடிந்து ராத்திரியில் மூச்சு இறுகுவதும் உண்டு. 'தூசி அலர்ஜி, ஓசூர் குளிர் ஒத்துக்கல' என்று விட்டுவிடாமல், எந்த ரசாயனத்தோடு வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்வது முக்கியம். ஒவ்வாமைப் பொருட்களால் வரும் ஆஸ்துமா, இந்தியச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம்.

லாரியில் ஒட்டியிருக்கும் எண்

அபாயகரமான சரக்கு ஏற்றிய லாரியில் பொருளின் பெயர், ஐ.நா. எண், அபாய வகைச் சின்னம், அவசரத் தொடர்பு எண் ஆகியவை கொண்ட பலகை மூன்று இடங்களில் இருக்க வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். பைப்பரசினுக்கான ஐ.நா. எண் 2579. அபாய வகை 8, அதாவது அரிக்கும் பொருள். கையின் மேலும் உலோகத்தின் மேலும் திரவம் சொட்டுவது போன்ற கறுப்பு வெள்ளைச் சின்னம் அதற்குரியது.

நெடுஞ்சாலையில் இப்படிப்பட்ட லாரி கவிழ்ந்தால், செல்போன் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் வீடியோ எடுக்கக் கூடாது. தூரத்தில் இருந்து அந்த எண்ணைப் படம் பிடித்து 112-க்குச் சொன்னால் போதும். தீயணைப்பு வீரர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த நான்கு இலக்கம்தான்.

ஆற்றில் கலக்கும் மருந்து

மூன்றாவது பிரச்னை கழிவுநீர். ஹைதராபாத் அருகே படான்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் இருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம்வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மாத்திரை போட்டவர் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம். ஒரே நாளில் வெளியேறியது சுமார் 45 கிலோ, ஸ்வீடன் நாடே ஐந்து நாட்களில் பயன்படுத்தும் அளவு.

அந்த நீரில் வாழும் கிருமிகளில் மருந்தைத் தாங்குபவை மட்டும் பெருகும். பிறகு நமக்கு உண்மையிலேயே தொற்று வரும்போது மருந்து வேலை செய்யாது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில், கழிவுநீரில் இருக்கலாம் என்ற ஆன்டிபயாட்டிக் அளவுகளுக்கு வரம்பு இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதிகளில் அந்த வரம்புகள் இல்லை.

ஓசூருக்கு இது தூரத்து ஊர்ச் செய்தி இல்லை. பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணையில், கெலவரப்பள்ளி அணையருகே நுரை பொங்குவதை மக்கள் பலமுறை பார்த்துவிட்டார்கள். நுரை கண்ணுக்குத் தெரியும். ஆன்டிபயாட்டிக் தெரியாது. அளந்து பார்த்தால்தான் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும், அளக்க வரம்பு ஒன்று வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

எத்திலீன் டைகுளோரைடு, எத்தனாலமீன் போன்றவற்றை அம்மோனியாவோடு வினைபுரிய வைக்கும் ஆலைகளில் பைப்பரசின் கூடவே உருவாகிறது. இந்தியாவில் வதோதராவின் டைஅமின்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ், சோலாப்பூரின் பாலாஜி ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸ் ஆகியவை இதைத் தயாரிக்கின்றன. ஆனால் மொத்த மூலமருந்துகளைப் பார்த்தால், இந்திய இறக்குமதியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சீனாவில் இருந்தே வருகிறது.

2020 தொடக்கத்தில் சீன ஆலைகள் மூடப்பட்டபோது அதன் விளைவு தெரிந்தது. அந்த மார்ச் மாதம் 26 மூலமருந்துகள் மற்றும் மருந்துகளின் ஏற்றுமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டு 6,940 கோடி ரூபாயில் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. அதன் பட்டியலில் சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசின் ஐந்தும் உண்டு. ஐந்திலும் பைப்பரசின் வளையம். மூலமருந்துப் பூங்காக்களுக்கு மத்திய அரசு தேர்ந்தெடுத்தது குஜராத், இமாச்சலம், ஆந்திரத்தை. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

உள்நாட்டில் தயாரிப்பது அவசியம். ஆனால் உற்பத்தி இங்கே வரும்போது அதன் ஆவியும் கழிவும் சேர்ந்தே வரும். இத்தனை காலம் அந்தச் சுமையை வேறொரு நாட்டின் ஊர்கள் சுமந்தன. மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும், ஆலைத் தொழிலாளரின் மூச்சும் பக்கத்து ஊர்க் கிணறும் கெடக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட கணக்குதான் சரியான விலை.

நாம் என்ன செய்யலாம்?

- சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்க வேண்டாம். சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு இது பயன்படாது.
- காசநோய் மாத்திரையை 'இப்ப நல்லாயிட்டேன்' என்று பாதியில் நிறுத்த வேண்டாம். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். கண்ணோ தோலோ மஞ்சளானால் உடனே டாக்டரைப் பாருங்கள்.
- செட்ரிசின் பழைய அலர்ஜி மருந்துகளைவிடக் குறைவாகத் தூக்கம் தரும். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. போட்டுக்கொண்டு பைக்கில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் உங்களுக்கு அது எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.
- மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கை சிங்க்கிலோ கழிப்பறையிலோ கொட்ட வேண்டாம். திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக் கடையோ மருத்துவமனையோ அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.